இறால் குஞ்சு எடுக்க எந்த மண் நல்லது? ஆக்டிவ் சாயில் கட்டாயமா?

இரண்டடி மீன் தொட்டியில் அலங்கார இறால் பெருக்கப் போவதாகவும், ஆக்டிவ் சாயில் (தண்ணீரின் அமிலத்தன்மையையே மாற்றும் மணி மணியான தொட்டி மண்) போடாவிட்டால் இறால் பிழைக்காது என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்த இறால், என்ன தண்ணீர் என்பதை எழுதவில்லையே. அது தெரியாமல் மண்ணைப் பற்றிப் பேச முடியாது.

செர்ரி இறால் என்றால் சாயில் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தனித்தனிப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை நியோகேரிடினா என்ற ஒரே இனம்தான். பிஹெச் (அமில, கார அளவு) 7-க்குச் சற்று மேல், ஜிஹெச் (மொத்தக் கடினத்தன்மை) 6 முதல் 8, கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 2 முதல் 5 இருந்தால் அது பாட்டுக்கு முட்டை சுமந்து குஞ்சு விடும். சென்னையில் என் செர்ரித் தொட்டியில் கிடப்பது வெறும் கறுப்புச் சரளை. அடி கறுப்பாக இருந்தால் இறாலின் சிவப்பு நன்றாக ஏறும். வெள்ளை மணலில் அதே இறால் வெளிறிப்போகும். சரளை இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதைவிடப் பெரிதானால் போடும் தீனி இடுக்கில் இறங்கி அழுகும்.

வாங்கும் முன் நாலு கல்லை எடுத்து வினிகர் சொட்டு விட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்போ கிளிஞ்சலோ கலந்திருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையை அது ஏற்றிக்கொண்டே இருக்கும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் ஏற்கெனவே டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 500-ஐத் தாண்டுகிறது. அதில் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து 250 பக்கம் இறக்குவது செர்ரிக்கு எந்த மண்ணையும்விட அதிகம் உதவும்.

கிரிஸ்டல் ரெட் மாதிரி கேரிடினா வகை என்றால் கதை வேறு. அதற்கு பிஹெச் 6-ஐ ஒட்டி இருக்க வேண்டும், கேஹெச் கிட்டத்தட்ட பூஜ்யம். இங்கேதான் ஆக்டிவ் சாயிலுக்கு வேலை. தண்ணீரில் உள்ள கார்பனேட்டைத் தீர்த்து, பிஹெச்சைக் கீழே இறக்கி அங்கேயே பிடித்து வைக்கும். ஆனால் அந்தச் சக்திக்கு அளவு உண்டு. போர் தண்ணீரை ஊற்றினால் ஒன்றரை வருஷம் வரவேண்டிய சாயில் சில மாதங்களில் செத்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் ஜிஹெச் மட்டும் ஏற்றும் இறால் உப்பைக் கலந்து, டிடிஎஸ் 100 முதல் 150-க்குள் வைத்து ஊற்ற வேண்டும். சாயிலோடு பவளத் துண்டு சேர்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒன்று பிஹெச்சை இறக்க, மற்றது ஏற்ற, நடுவில் இறால்தான் சாகும்.

சாயிலைக் கழுவக் கூடாது, மணிகள் உடைந்து சேறாகிவிடும். ஒன்றரை இரண்டு அங்குலம் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். புதிய சாயில் பல பிராண்டுகளில் முதல் சில வாரம் அமோனியா விடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகும் கொஞ்ச நாள் பொறுங்கள். கண்ணாடியிலும் பாசியிலும் வழவழப்பான படலம் படிய வேண்டும். பிறந்த குஞ்சு முதலில் மேய்வது அதைத்தான்.

அப்புறம், சூடு. கிரிஸ்டலுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். சென்னை மே மாதத்தில் ஏசி அறையோ சில்லரோ இல்லாமல் அது நடக்காது, எவ்வளவு விலையுள்ள சாயில் போட்டாலும் சரி. ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவுக்கு உப்பு கலக்காத ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும்.

வாராவாரம் பிஹெச் பாருங்கள். 6-ல் நின்றது மெல்ல 7 பக்கம் நகர்ந்தால் சாயில் தீர்ந்துவிட்டது. இறால் இருக்கும்போதே மண்ணைக் கிளறி மாற்ற வேண்டாம், அடியில் தேங்கிய கசடெல்லாம் மேலே வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு தொட்டி தயார் செய்து, அதிலும் அமோனியா பூஜ்யமாகிப் படலம் படிந்த பிறகு இறால்களை அதற்கு மாற்றுங்கள்.