கிட் பீர்ல சர்க்கரை: உங்க கேள்விகளுக்கு பதில்

கிட் பீர்னா, கேன்ல வர்ற மால்ட் (முளைகட்டின பார்லி) பாகுல தண்ணி, சர்க்கரை, யீஸ்ட் சேர்த்து வீட்லயே புளிக்க வைக்கற பீர். இந்த தடவை வந்ததுல முக்கால்வாசி சர்க்கரை பத்தின கேள்விதான், ஒண்ணா எடுத்துக்கிட்டேன்.

கே: 1 கிலோ சர்க்கரை போடச் சொல்றாங்க. காபிக்குப் போடறதே போதுமா?

போதும், நல்லாவே புளிக்கும். ஆனா 1.7 கிலோ கேன் ஒண்ணு, 23 லிட்டர் தண்ணி, கூட வெறும் சர்க்கரைன்னா பீர் சப்புன்னு இருக்கும், ஏன்னா சர்க்கரைய யீஸ்ட் மிச்சமில்லாம தின்னுடும், நாக்குல நிக்க ஒண்ணும் இருக்காது. பாதி சர்க்கரை, பாதி மால்ட் பவுடர் போடுங்க. சாதா சர்க்கரை போட்டா சைடர் (ஆப்பிள் மது) வாடை வரும்ங்கறாங்க, நான் பார்த்த வரைக்கும் அதுக்கு காரணம் பழைய கேனும் 28 டிகிரி கராஜும்தான். 20 டிகிரி தாண்ட விடாதீங்க.

கே: கிக் பத்தல, 2 கிலோ போடலாமா?

வேண்டாம். கிலோவுக்கு சுமாரா 2 சதவீதம் ஆல்கஹால் ஏறும், ருசி ஏறாது. இன்னொரு கேன் மால்ட் போடுங்க.

கே: ரெண்டு கேன் இருக்கற 3 கிலோ கிட்டுக்கு எவ்வளவு சர்க்கரை?

புளிக்க வைக்க ஒண்ணும் வேணாம். கிட்லயே எழுதியிருக்கும், படிச்சுட்டு கேளுங்க.

கே: ஏழு நாள்ல ஏர்லாக்ல (கேஸ மட்டும் வெளிய விடற அடைப்பு) குமிழ் நின்னுச்சு, கேஸ் ஏற பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு மூடிட்டேன். இப்ப திறந்தா நுரை பீறிட்டு அடிக்குது, ஏன்?

எந்த ஸ்பூன்? எத்தனை மில்லி பாட்டில்? ஹைட்ரோமீட்டர் (பீரோட அடர்த்திய அளக்கற கருவி, சர்க்கரை தீரத் தீர நம்பர் இறங்கும்) என்ன காட்டுச்சு? இது ஒண்ணும் எழுதாம எப்படிங்க கேக்கறீங்க. முதல்ல கண்ணாடியும் தடிமனான கிளவுஸும் மாட்டிக்கிட்டு எல்லா பாட்டிலையும் ஃபிரிட்ஜுக்கு மாத்துங்க, நல்லா சில்லுன்னு ஆனப்புறம் மூடிய மெதுவா தளர்த்தி கேஸ விடுங்க.

நாள் எண்ணி பாட்டில் பண்ணாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! குமிழ் நின்னா புளிச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. ஹைட்ரோமீட்டர் 1.014 காட்டறப்போ மூடின பீர் உள்ளயே 1.010-க்கு இறங்குச்சுன்னா, லிட்டருக்கு 8 கிராம் சர்க்கரை கூடுதலா போட்டதுக்கு சமம், அதாவது கேஸ் ரெண்டு மடங்கு. என்னோட மூணாவது பேட்ச்ல இதேதான் பண்ணேன். ஜனவரி வெயில், மெல்போர்ன், ராத்திரி ஒரு மணிக்கு ஷெட்ல டமால்னு சத்தம், போய்ப் பார்த்தா விரல் நீளத்துக்கு பிரவுன் கண்ணாடி ஒண்ணு சுவத்துல குத்தி நிக்குது, பொண்ணோட சைக்கிள் சீட்டுக்கு ஒரு ஜாண் மேல. ஹைட்ரோமீட்டர் மூணு நாள் ஒரே நம்பர் காட்டணும், அப்புறம்தான் பாட்டில். ஸ்பூன தூக்கிப் போட்டுட்டு எடை மெஷின்ல நிறுங்க: லிட்டருக்கு 6-லேந்து 8 கிராம், 23 லிட்டருக்கு 150 கிராம் சொச்சம். ஒரு டம்ளர் தண்ணில கொதிக்க வச்சு ஆத்தி, சுத்தமான இன்னொரு பக்கெட்ல ஊத்தி, அது மேல பீர டியூப் வழியா அலுங்காம இறக்குங்க, அப்பதான் எல்லா பாட்டிலுக்கும் ஒரே அளவு போகும்.

கே: இதே பீர் கிட்டை தமிழ்நாட்டுல வீட்ல போடலாமா?

கூடாது, மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாலயும் சொந்தக் குடிக்கு மட்டும்தான், விக்கக்கூடாது.

கே: கருப்பட்டி போட்டா?

ஸ்டவுட்ல (கருப்பு பீர்) அருமையா இருக்கும், 250 கிராம் எடுத்து அந்த அளவு சர்க்கரைய குறைச்சுடுங்க. கொதிக்க வச்சு வடிகட்டணும், அடியில மண்ணும் சுண்ணாம்பும் தங்கும். பாட்டில்ல கேஸ் ஏத்த மட்டும் கருப்பட்டி வேண்டாம், கட்டிக்கு கட்டி ஈரம் மாறும், எடை போட்டும் பிரயோஜனமில்ல.