மெல்லப் பாடுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் எழுத்தை ஆறேழு ஆண்டுகளாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. இதையும் நான்கு தடவை எழுதி அழித்தேன்.

நான் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடி வெளியிடுகிறவன். பின்னால் எந்த நிறுவனமும் இல்லை. ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், ஒரு மைக், ஒரு லேப்டாப், என் படுக்கையறை, அவ்வளவுதான். சாஃப்ட் ராக், அதாவது ராக் இசையின் மென்மையான வகை, என்று சொல்லிக்கொள்கிறேன். “சாஃப்ட் சரி, ராக் எங்கே?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஆறு பாடல்கள் வந்திருக்கின்றன. கேட்டவர்கள் மிகக் குறைவு. என் அக்கா, “தூங்கப் போறப்ப கேக்க நல்லா இருக்குடா” என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் நண்பன், “டிரம்ஸ் போடு, ஆரம்பத்துல வர்ற நாப்பது செகண்ட் கிட்டாரை வெட்டு, இல்லன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்கிறான்.

என் கேள்வி வேறு. ஒரு மேடையில் என்னை உரக்கப் பாடச் சொன்னார்கள். குரலே வரவில்லை. அன்றிலிருந்து ஒரு சந்தேகம். மெல்லப் பாடுவது என் இயல்பா, அல்லது சத்தமாகப் பாட எனக்குப் பயமா?

மூன்று பாடல்களை இணைத்திருக்கிறேன். நேரம் இருந்தால் கேளுங்கள். பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று பாடல்களையும் கேட்டேன். முதலில் லேப்டாப்பில் கேட்டேன். பிறகு, அது நியாயமில்லை என்று தோன்றியதால், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். இரண்டாவது பாடலை மட்டும் ஐந்தாறு முறை கேட்டிருப்பேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இசைக்கலைஞன் அல்ல. இளமையில் இரண்டு ஆண்டு கிட்டார் பழகி, எஃப் கார்டு என்ற சுரக்கூட்டிடம் தோற்று எழுந்து வந்தவன். ஒரு விரலை ஆறு கம்பிகள் மேலும் படுக்கவைத்து அழுத்த வேண்டிய அந்தக் கார்டு எத்தனை பேரை எழுத்தாளர்களாக்கியிருக்கிறதோ! ஆகவே கேட்பவனாக மட்டுமே பேசுகிறேன்.

மெல்லப் பாடுவது ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருக்கும் எளிய விஷயம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அம்மா தாலாட்டியது, நாம் குளியலறையில் முனகியது வேறு. பலருக்காக மெல்லப் பாடுவது ஏறத்தாழ நூறு வயதே ஆன கலை. 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு சந்தைக்கு வருவதற்கு முன், பாடகர் ஒரு கூம்புக் குழலுக்குள் பாட வேண்டும். அந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீற வேண்டும். குரலில் உடல்பலம் இல்லாதவர் இசைத்தட்டில் பதியவே மாட்டார். மேடையிலும் அப்படித்தான், கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். மைக் வந்தபின்தான் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி போன்றவர்கள் பேசுகிற குரலுக்குச் சற்று மேலே நின்று பாடினார்கள். ஆயிரம் பேர் இருக்கும் அரங்கில், ஒவ்வொருவர் காதருகிலும் வந்து பாடுவதைப் போல அது கேட்டது. அக்காலத்துப் பெரியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். இதெல்லாம் ஒரு பாட்டா, ஆண்பிள்ளை இப்படிக் குழைவானா என்றார்கள். உங்கள் நண்பர்களின் கேள்விக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்மை என்பது ஒலியின் அளவு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது தூரமாகத்தான் படுகிறது. உங்கள் இரண்டாவது பாடலில் நீங்கள் என்னிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். மூன்றாவது பாடலில் குரல் அதைவிடச் சன்னம், ஆனால் நீங்கள் ஏதோ ஒரு பெரிய கூடத்தின் மறுகோடியில் நிற்கிறீர்கள். பயம் உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது, மூன்றாவது பாடலில். இரண்டாவதில் இல்லை.

இரண்டாவது பாடலில் இப்படி வருகிறது:

‘பைகளைத் தடவி நிற்கிறாய்
சாவி என்னிடம்தான் இருக்கிறது’

பிரிந்துபோனவர் பழக்கதோஷத்தில் பழைய வீட்டு வாசலில் வந்து நிற்கும் காட்சி என்று எடுத்துக்கொண்டேன். ‘என்னிடம்தான்’ என்ற இடத்தில் உங்கள் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. அதே நொடியில் இடக்கை விரல் கம்பி மேல் நகர்ந்து கிரீச்சென்று ஒரு சத்தம். அதற்கு முன் நீங்கள் மூச்சு இழுப்பதும் கேட்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே விட்டீர்களா, சோம்பலா என்று தெரியவில்லை. சோம்பலாக இருந்தால் அந்தச் சோம்பலுக்கு என் வணக்கம்.

மூன்றாவதில் ‘நீ என் வானம், நீ என் மேகம், நீ என் மழை’. வானிலை அறிக்கை. கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வரிக்குள் யாரும் இல்லை. யாரும் இல்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் குரலை இரட்டித்திருக்கிறீர்கள், ரீவெர்ப் என்ற செயற்கை எதிரொலியை ஊற்றியிருக்கிறீர்கள், வரிகளுக்கு நடுவே இருந்த மூச்சையெல்லாம் தேடித்தேடி அழித்திருக்கிறீர்கள். மூச்சே விடாமல் மூன்றரை நிமிடம் பாடுகிற ஒருவர் என் பக்கத்தில் இருப்பதாக நான் எப்படி நம்புவது?

குரலை இரட்டிப்பதே தவறு என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் தன் பாடல்கள் பலவற்றில் அதைத்தான் செய்தார். ஒரே வரியை இரண்டு முறை, ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும்படி பாடி அடுக்கினார். கேட்டால் ஒருவர் தனக்குத்தானே முணுமுணுப்பது போலிருக்கும், இன்னும் நெருங்கித்தான் வருவார். நீங்களோ இரண்டாவது குரலை முதல் குரலுக்குப் போர்வையாகப் பயன்படுத்துகிறீர்கள்.

நம் சங்க அகப்பாடல்களின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும், பார்த்திருப்பீர்கள். தலைவி தோழிக்குச் சொல்லியது, தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது என்று. பெயர் கிடையாது, ஊர் கிடையாது. யார் யாரிடம் பேசுகிறார் என்பது மட்டும் உண்டு. பாடலின் குரல் அளவை அந்தக் குறிப்பே முடிவு செய்துவிடுகிறது. தோழியிடம் யாராவது கத்துவார்களா? உங்கள் ஒவ்வொரு பாடலின் அடியிலும் அப்படி ஒரு குறிப்பு எழுதிப் பாருங்கள். இரண்டாவதுக்கு உடனே எழுதிவிடலாம். மூன்றாவதுக்கு என்னால் முடியவில்லை, உங்களால் முடிகிறதா?

முதல் பாடலைப் பற்றி வேறு ஒரு குறை. ‘என் மனம் உன்னிடம்’ என்று தொடங்கி அந்த ‘ம’வை நான்கு தாளம் இழுக்கிறீர்கள். எனக்கு ‘என் மானம் உன்னிடம்’ என்றுதான் கேட்டது. அடுத்த வரி வரும்வரை இது ஏதோ வழக்கு விவகாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்டு வளர்ந்த ஆங்கிலப் பாடல்களில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதே பெரிய கவலை, உயிரொலியை நீட்டினாலும் பெரும்பாலும் சொல் பிழைத்துக்கொள்ளும். தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல் பிறந்துவிடும். கல் காலாகும், படு பாடாகும். நீண்ட சுரத்துக்கு நெடிலைக் கொண்டுவந்து வையுங்கள். இல்லையென்றால் குறிலை விட்டுவிட்டுப் பின்னால் வரும் ஒற்றில் நில்லுங்கள். ‘மனம்’ என்று சட்டெனச் சொல்லி, வாயை மூடிக்கொண்டு அந்த ‘ம்’மிலேயே இருங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். தமிழ்ச்சொற்கள் உயிரில் முடியும், அல்லது ம், ன், ண், ல், ள், ழ், ர், ய் போன்ற நீட்டக்கூடிய மெய்யில் முடியும். க், ச், ட், த், ப், ற் என்று வல்லின மெய்யில் முடிவதை இலக்கணம் அனுமதிப்பதில்லை. மெல்லினம் என்று ஒரு பிரிவுக்குப் பெயரே வைத்திருக்கும் மொழியில் எழுதிக்கொண்டு, மெல்லப் பாடுவது சரியா என்று கேட்கிறீர்கள்!

அதே பாடலில் கிட்டார் உங்கள் குரலை மூடுகிறது. நண்பர் டிரம்ஸ் கேட்பது இதனால்தானோ என்று ஒரு சந்தேகம். ஏதோ தெளிவாக இல்லை என்று அவர் காதுக்குப் படுகிறது, அதைப் ‘பீட் இல்லை’ என்று சொல்கிறார். கிட்டாரின் திறந்த கம்பிகள் கீழே 82 ஹெர்ட்ஸில் தொடங்கி மேலே 330 வரை போகின்றன. ஓர் ஆணின் பேச்சுக்குரல் ஏறத்தாழ 85-லிருந்து 180 வரை. இருவரும் ஒரே பாயில் படுத்திருக்கிறீர்கள். நீங்கள் மைக்கை ஒட்டிப் பாடுகிறவர் வேறு. பாடகர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும், ஒரு திசையில் மட்டும் கேட்கும் மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கக் கீழ்ஒலி வீங்கும். குரலுக்கு அது ஒரு கதகதப்பைத் தரும், அளவு மீறினால் குழம்பிவிடும். கம்பிகளை ஒருசேர அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போ என்ற இடுக்கியை, கிட்டார் கழுத்தின் நான்காவது, ஐந்தாவது ஃபிரெட்டில் மாட்டி, அதற்கேற்ற கார்டுகளில் வாசித்துப் பாருங்கள். கிட்டார் எழுந்து மேலே போய் உட்காரும், குரலுக்கு இடம் கிடைக்கும்.

டிரம்ஸ் கூடாதா என்றால், கூடும். 1970-களின் தொடக்கத்தில் சாஃப்ட் ராக் உருவானபோது அதில் டிரம்ஸ் இருந்தது. ரஸ் கன்கல் என்ற டிரம்மர், பாடகர் ஜேம்ஸ் டெய்லரின் 1970 ஆல்பத்திலும், பாடகிகள் கரோல் கிங், ஜோனி மிட்செல் இருவரின் 1971 ஆல்பங்களிலும் வாசித்திருக்கிறார். டெய்லரின் ‘ஃபயர் அண்ட் ரெயின்’ என்ற புகழ்பெற்ற பாடலில் குச்சியை வைத்துவிட்டு, பிரஷ் எனும் கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டார். அடி விழுவது தெரியும், அடி வலிக்காது. ராக் எங்கே என்று கேட்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள். ஆனால் உங்கள் இரண்டாவது பாடலுக்கு அதுவும் வேண்டாம். வாசலில் சாவி தேடி ஒருவர் நிற்கும்போது பின்னால் யாரும் தாளம் போட வேண்டியதில்லை.

நாற்பது விநாடி முன்னிசை பற்றி நண்பர் சொன்னதில் கணக்கு சரி. இணையத்தில் பாட்டு கேட்கும் ஸ்பாட்டிஃபை தளத்தில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு முறை கேட்டதாகப் பதிவாகும். 2024 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அவர்கள் உரிமத்தொகை கணக்கிடுவதில்லை. உங்களைப் போன்றவர்களைக் குறிவைத்து எழுதியதுபோலவே இருக்கிறது அந்த விதி. ஆனாலும் அதற்காக வெட்டச் சொல்ல மாட்டேன். ஒரே நான்கு கார்டுகள் எட்டு முறை சுற்றி வருகின்றன, ஆறாவது சுற்றில் நான் சன்னலைப் பார்த்தேன். அதற்காக வெட்டுங்கள். மற்றபடி, பெரும் சத்தத்துடன் போட்டி போட வேண்டும் என்று ஒலியை இறுக்கி ஏற்றாதீர்கள். அந்தத் தளம் வழக்கமாகப் பாடல்களை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவையொட்டி ஏற்றியோ இறக்கியோதான் ஒலிக்கவிடுகிறது. கத்துபவர்களின் ஒலியை அந்தத் தளமே குறைத்துவிடும்.

கேட்டவர்கள் குறைவு என்று எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கின் கதையைச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஒருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு, தன் மூன்றாவது ஆல்பமான ‘பிங்க் மூன்’ஐப் பதிவு செய்தார். குரல், கிட்டார், ஒரே ஒரு பாடலில் கொஞ்சம் பியானோ. மொத்தமே அரை மணி நேரம் வராது. ஏறக்குறைய யாரும் வாங்கவில்லை. 1974-இல் 26 வயதில் இறந்துபோனார். 1999-இல் ஒரு கார் விளம்பரத்தில் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடல் வந்ததும் உலகமே தேடிப்போய் வாங்கியது. இதை ஆறுதலாகச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவருக்கு என்ன கிடைத்தது? ஆல்பத்தைக் கேளுங்கள், கதையை விட்டுவிடுங்கள். அந்த இரண்டு இரவுகளில் அவர் எங்குமே ஒளியவில்லை என்பது காதில் விழும்.

மேடையில் குரல் வராதது பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். சிறு வயதில் போலியோ வந்ததால் ஜோனி மிட்செலின் இடக்கை பலவீனமாகிவிட்டது. வழக்கமான கார்டுகளைப் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. கம்பிகளின் சுருதியையே மாற்றிக்கொண்டு, தன் கைக்கு எட்டிய வகையில் வாசித்தார். இன்று அவர் கார்டுகளைக் கண்டுபிடிக்க எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உங்களை உரக்கப் பாடச் சொன்னவர்கள் மைக்கைக் கொஞ்சம் ஏற்றியிருக்கலாம், ஒரு குமிழைத் திருகுகிற வேலைதானே.

அக்காவின் பாராட்டு பாக்கி இருக்கிறது. ஒருவர் தூங்கப்போகும் நேரத்தில் தன் அருகே யாரை இருக்க விடுவார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

மூன்றாவது பாடலில் அழித்த மூச்சுகள் பழைய கோப்பில் இருக்குமா? இருந்தால் ரீவெர்ப் இல்லாமல், ஒற்றைக் குரலில், அப்படியே அனுப்புங்கள். வரிகளைப் பிறகு பார்க்கலாம்.

அன்புடன்.