மைன்ஸ்வீப்பருக்குப் பத்து லட்சம் டாலரா?

கேள்வி: கம்ப்யூட்டரில் மைன்ஸ்வீப்பர் ஆடுவதுதான் என் மதியப் பொழுதுபோக்கு. ‘அதைத் தீர்க்க வழி கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் பரிசும்மா’ என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். கேலி செய்கிறானா? – வாசகி, விருதுநகர்

பதில்: கேலி இல்லை. பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: மூடிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும், வெடி உள்ளதைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. திறந்த கட்டத்தில் தெரியும் எண், அதைச் சுற்றி ஒட்டிய கட்டங்களில் எத்தனை வெடி என்று சொல்லும். நானும் ஒரு காலத்தில் மைன்ஸ்வீப்பர் பைத்தியம். ஆபீசுக்கு விண்டோஸ் 3.1 வந்த பிறகு எங்கள் செக்‌ஷனில் சாப்பாட்டு நேரம் தானாகவே கால் மணி நீண்டது. அப்போது கற்ற வித்தை ஒன்று. மூடிய கட்டங்கள் சுவர்போல ஒரே வரிசையில் நிற்க, அவற்றை ஒட்டி 1, 2, 1 என்று தெரிந்தால் 2க்கு நேரே இருப்பதைத் தைரியமாகத் திறக்கலாம். அங்கே வெடி இருந்தால் இருபுறத்து 1களின் கணக்கும் அதோடு தீர்ந்துவிடும். அப்புறம் 2க்கு இன்னொரு வெடி எங்கிருந்து வரும்? வெடிகள் 1களுக்கு நேரேதான்.

பெரிய பலகையில் இந்த வித்தை மட்டும் போதாது. ஓர் எண் பக்கத்து எண்ணை இழுக்கும், அது அடுத்ததை இழுக்கும். மூடிய கட்டம் 40 இருந்து, ஒவ்வொன்றிலும் வெடி உண்டா இல்லையா என்று போட்டுப் பார்க்கப் புகுந்தால் லட்சம் கோடிக்கு மேல் விதங்கள். ஒரு கட்டம் கூடினால் அதுவும் இரட்டிப்பு.

இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கே 2000ல் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: சில எண்கள் தெரியும் பலகையைக் கொடுத்தால், அவற்றுக்குப் பொருந்த வெடிகளை வைக்க முடியுமா? யாராவது வைத்துக் காட்டினால் சரிபார்ப்பது சுலபம், கண்டுபிடிப்பதுதான் பாடு. எண்களைச் சாமர்த்தியமாக அடுக்கி கம்பி, லாஜிக் கேட் (கம்ப்யூட்டருக்குள் ஆம்-இல்லை கணக்குப் போடும் சிறு உறுப்பு) எல்லாவற்றையும் பலகையிலேயே கட்டிக் காட்டினார். ஆக, எந்த லாஜிக் சர்க்யூட்டையும் மைன்ஸ்வீப்பராக மாற்றிவிடலாம். விடையைச் சரிபார்ப்பது சுலபமாக இருக்கும் எந்தக் கணக்கையும் சர்க்யூட்டாக எழுதலாம் என்பதால், அவை எல்லாமே மைன்ஸ்வீப்பருக்குள் அடங்கிவிடும். தானும் சரிபார்க்கச் சுலபமாக இருந்து, இப்படி மற்றதையெல்லாம் தனக்குள் அடக்கும் கணக்கைத்தான் ‘என்பி-கம்ப்ளீட்’ என்கிறார்கள்.

எவ்வளவு பெரிய பலகைக்கும் வேகமாக விடை சொல்லும் வழி கிடைத்தால், இந்த ரகத்துக் கணக்குகள் அத்தனைக்கும் வழி பிறக்கும். அப்படி வழி உண்டா என்பதற்குத்தான் கிளே கணித நிறுவனம் அதே 2000ல் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. இல்லவே இல்லை என்று நிரூபித்தாலும் பரிசு உண்டு. மகன் விட்ட பாதி இதுதான். நீங்கள் தினம் ஜெயிப்பதற்குக் காசு கிடையாது.

கடைசியில் மூலையில் இரண்டு கட்டம் மிஞ்சி, வெடி எதில் என்று எந்த எண்ணும் சொல்லாமல் நிற்குமே, அது வேறு சங்கதி. வெறும் பூவா தலையா. அதற்கு மட்டும் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். நான் இடது பக்கத்தைத் தொட்டுத் தொட்டே வெடித்தவன்.