கைமாறி வந்த .44 மேக்னம்: முதல் தோட்டாவுக்கு முன்

கேள்வி: அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் வசிக்கிறேன், கிரீன் கார்டு உண்டு. பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .44 மேக்னம் ரிவால்வர் ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கினேன். ஆறரை அங்குலக் குழல், மரப்பிடி. சிலிண்டரைத் திறந்தால் உள்ளே 29-2 என்று பொறித்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் வீட்டில் தானே நிரப்பிய தோட்டாக்கள் ஒரு பெட்டி நிறைய இலவசமாகக் கிடைத்தன. இதுவரை 9 மி.மீ. பிஸ்டல்தான் சுட்டிருக்கிறேன். சிலிண்டரைச் சுற்றி ஒரு கோடு விழுந்திருப்பது கவலையாக இருக்கிறது. கரடி நடமாட்டமுள்ள காட்டுப் பாதைகளுக்கு எடுத்துச் செல்ல எண்ணம். எங்கிருந்து தொடங்குவது? மரப்பிடியை மாற்றலாமா?

பதில்: அந்த இலவசப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். அதிலிருந்து ஒரு தோட்டாவைக்கூடச் சுடாதீர்கள். உள்ளே என்ன வெடிமருந்து, எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சிறு அலகு) என்பது நிரப்பியவருக்கு மட்டுமே தெரியும். பெட்டிமேல் சீட்டு ஒட்டியிருந்தாலும் அது இன்னொருவரின் தராசை நம்புவதுதான். .44 மேக்னத்துக்கு வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு. அதை மீறினால் முதலில் உடைவது சிலிண்டர். அதற்கு அருகில் இருப்பது உங்கள் முகம். தோட்டா நிரப்பும் நண்பர் யாராவது இருந்தால் பிரித்து, பித்தளைக் கூடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்து, கோடு. அதை மறந்துவிடலாம். சிலிண்டரைப் பூட்டும் சிறு நாக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் உரசுவதால் விழும் தடம் அது. பயன்படுத்திய ரிவால்வர்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும். நீல மெருகு போயிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அதேபோல, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு நேர் மேலே, சட்டகத்தின் மேற்பட்டையின் உட்புறத்தில் தீ அரித்த மெல்லிய பள்ளம் ஒன்றைப் பார்ப்பீர்கள். அதுவும் ஓரளவு ஆழத்துக்குப் போனபின் தானாக நின்றுவிடும்.

உங்கள் கையில் இருப்பது நல்ல தயாரிப்பு. இந்தத் தோட்டாவும் இதற்கான ரிவால்வரும் 1955-56இல் வெளிவந்தன. வேட்டைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் விளைவு. 1957இல் நிறுவனம் தன் துப்பாக்கிகளுக்கு எண் சூட்டியபோது இது மாடல் 29 ஆனது. அதன்பின் இணைப்புக்கோடு போட்டு வரும் எண், பொறியியல் மாற்றத்தின் வரிசையைக் குறிக்கும். 29-2 என்றால் 1961க்கும் 1982க்கும் இடைப்பட்ட வகை. குழலைச் சட்டகத்தோடு பிணைக்கும் குறுக்கு ஊசியும், தோட்டாவின் அடிவிளிம்பு உள்ளே அமிழும்படி குடைந்த அறைகளும் இதில் உண்டு. சேகரிப்பாளர்கள் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பது இவற்றுக்காகத்தான்.

பழமை இந்தத் துப்பாக்கியைக் கெடுப்பதில்லை. முந்தைய உரிமையாளரின் ஸ்க்ரூடிரைவரும் அவர் திணித்த அளவுமீறிய தோட்டாக்களும்தான் கெடுக்கும். எனவே பக்கத் தகட்டின் திருகுகளை நன்றாகப் பாருங்கள். தலைகள் சிதைந்திருந்தால் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார். ஹேமர் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தி) ஓய்வில் இருக்கும்போது அதன் ஊசி தோட்டாவைத் தொடாதபடி தடுக்கும் ஒரு சிறு தகடு உள்ளே இருக்கிறது. பிரித்தவர்கள் அதைத் திரும்பப் பொருத்தாமல் விடுவதுண்டு. அந்தச் சந்தேகம் வந்தால் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்து பாருங்கள். நீங்களே நெம்பாதீர்கள்.

இனி வரும் சோதனைகளுக்குத் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். பிறகு ஆறிலும் வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களைப் போடுங்கள். இந்த வகையில் காலி அறைகளோடு சோதித்தால், கூடுகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகடு சற்று ஆடி, நல்ல துப்பாக்கியையும் கெட்டதாகக் காட்டிவிடும். ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைகளுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பிந்துவது சாதாரணமாக நேர்வது. பூட்டாத அறையிலிருந்து சுட்டால் குண்டு குழலின் பின்வாயில் உரசி, ஈயச் சிதறல் பக்கத்தில் நிற்பவர்மேல் தெறிக்கும்.

ஹேமரை இழுத்து நிறுத்திய நிலையில், டிரிகரைத் தொடாமல், ஹேமரின் முதுகைக் கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். விழக்கூடாது. விழுந்தால், டிரிகரை மென்மையாக்குகிறேன் என்று யாரோ அரம் போட்டிருக்கிறார். பழுது சரியாகும்வரை அது சுடத் தகுதியற்ற துப்பாக்கி.

பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இங்கே உதவும். சிலிண்டரைப் பின்னுக்குத் தள்ளிக் குழலுடனான இடைவெளியை அளந்துகொண்டு, முன்னுக்குத் தள்ளி மீண்டும் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஆட்டம். அது 0.08 மி.மீ. அளவைத் தாண்டினால் வாஷர் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இடைவெளி 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கலாம். கடைசியாகக் குழலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். உள்ளே கருவளையம் போல ஒன்று தெரிந்தால், முன்பு சிக்கிய குண்டின்மேல் இன்னொரு குண்டைச் சுட்டுக் குழல் உப்பியிருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

பலர் தவறவிடும் ஒன்று: பிடியின் முன்பக்க அடியில் ஒரு சிறு திருகு இருக்கும். ஹேமருக்கு விசை தரும் வில்லை அழுத்துவது அதுதான். டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று அதைத் தளர்த்தி வைப்பார்கள். பிறகு தோட்டா வெடிக்கவில்லை என்று தோட்டாக் கம்பெனியைத் திட்டுவார்கள். முழுதாக முடுக்கிவிடுங்கள். சிலிண்டர் திறக்கச் சிரமப்பட்டால், வெளித்தள்ளும் கம்பி தளர்ந்திருக்கக்கூடும். அதன் மரை இடப்பக்க மரை. வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும்.

பிஸ்டலிலிருந்து வருபவர் உடனே மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பிஸ்டலில் இடக்கைக் கட்டைவிரலை முன்னோக்கி நீட்டிப் பிடித்திருப்பீர்கள். ரிவால்வரில் அந்த விரல் போய்ச் சேரும் இடம், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் ஓரம். அங்கிருந்து பக்கவாட்டில் பீறிடும் வாயு விரலைக் கிழித்துவிடும். இரண்டு கட்டைவிரல்களையும் பின்னுக்கு மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிப் பிடியுங்கள். திரைப்படங்களில் போல மணிக்கட்டைச் சுண்டிச் சிலிண்டரை மூடும் ஆசை வேண்டாம். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும், பிறகு எந்த அறையும் நேராக நிற்காது.

முதல் சுடுதலுக்கு .44 ஸ்பெஷல் தோட்டாக்களை வாங்குங்கள். 1907ஆம் ஆண்டுக் காலத்துத் தோட்டா அது. மேக்னத்தைவிடச் சற்றுக் குட்டையானது, உங்கள் ரிவால்வரில் பொருந்தும். முழு மேக்னத்தின் ஆற்றல் இதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரு குறை உண்டு: குட்டைக் கூடுகள் அறையின் முன்பகுதியில் கரிவளையம் கட்டும், அதைத் தேய்த்து எடுக்காமல் மேக்னம் போட்டால் கூடு சிக்கிக்கொள்ளும். வெண்கலத் தூரிகையும் கரைப்பானும் போதும். நட்சத்திரத் தகட்டின் அடியையும் துடைத்துவிடுங்கள். எரியாத மருந்துத்தூள் சிறிது தங்கினாலும் சிலிண்டர் இறுகும். குழலை வானத்தை நோக்கி நிமிர்த்திக் கூடுகளை வெளியேற்றினால் அந்தத் தூள் பெரும்பாலும் அங்கே சேராது.

மேக்னத்துக்கு மாறும் நாளில் ஆறு அறைகளையும் நிரப்பாதீர்கள். ஒன்று மட்டும் போட்டுச் சுடுங்கள். பழகாத கை பின்னுதைப்பில் தன்னையறியாமல் பிடியை இறுக்கும். அப்போது விரல் மறுபடி டிரிகரை இழுத்துவிட்டால், துப்பாக்கி மேலே திரும்பியிருக்கும் நிலையில் இரண்டாம் தோட்டா வெடிக்கும். ஒன்றில் கை நிதானப்பட்டதும் இரண்டு, பிறகு ஆறு. கூரையுள்ள சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பான், மேலே மஃப் இரண்டும் வேண்டும். கண்ணாடியும் கட்டாயம். 'டப்' என்று வலுவில்லாத சத்தம் கேட்டால் உடனே நிறுத்தி, குழலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெடிக்கவே இல்லையென்றால் இலக்கை நோக்கியே பிடித்தபடி முப்பது விநாடி காத்திருங்கள்.

கரடிக்காக 300 கிரெயின் எடையுள்ள கனத்த குண்டுகளை விற்கிறார்கள். உங்கள் 29-2க்கு அதை வாடிக்கை உணவாக்காதீர்கள். இந்தத் துப்பாக்கி 240 கிரெயினுக்காகப் பிறந்தது. பழைய வகைகளில் கனத்த தோட்டாவின் உதைப்பில் சிலிண்டர் பூட்டு விடுபட்டு, சுட்ட அறையே திரும்ப ஹேமரின்கீழ் வந்து நின்ற நிகழ்வுகள் உண்டு; 1980களின் இறுதியில் நிறுவனம் பூட்டுக் குழிகளை நீட்டியது அதனால்தான். எந்தத் தோட்டாவைக் காட்டுக்கு எடுத்துச் செல்லப் போகிறீர்களோ, அதில் ஆறு போட்டு ஐந்தைச் சுட்டு, ஆறாவதை வெளியே எடுத்து அளந்து பாருங்கள். உதைப்பில் குண்டு கூட்டிலிருந்து முன்னே நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டா வேண்டாம். நீட்டிக்கொண்ட குண்டு சட்டகத்தில் முட்டினால் சிலிண்டர் சுழலாது, கரடியோ காத்திருக்காது. கரடி ஸ்ப்ரேயையும் பையில் வையுங்கள். கை நடுங்கும்போது அதைக் குறிவைப்பது எளிது.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் துப்பாக்கி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அந்த விசாவில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தால், பெருமைக்காகக்கூட அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மரப்பிடியைத் தாராளமாக மாற்றுங்கள். அகன்ற அந்தப் பிடி அழகுதான், ஆனால் மேக்னத்தின் உதைப்பை நேராக உள்ளங்கைக்கு அனுப்பும்; முதுகுப்புறத்தையும் மூடும் ரப்பர் பிடி பெரும் வித்தியாசம் தரும். கழற்றிய மரப்பிடியைத் துணியில் சுற்றி, அதன் திருகோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அசல் பிடி இல்லாத 29-2ஐ விற்கப் போனால் கடைக்காரர் முதலில் விலை குறைப்பது அதைக் காட்டித்தான்.