சைவத்துக்கு மாறியும் அப்பாவுக்கு எல்டிஎல் இறங்கவில்லையா?

சாப்பாட்டை மாற்றி எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, இறக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். ஆனால் தினமும் வெளியே சாப்பிட்டுக்கொண்டு முடியாது.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த அப்பா மூன்று மாதமாகப் பால்கூடத் தொடவில்லை, இருந்தும் எல்டிஎல் அப்படியே நிற்கிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் தேங்காய்ப்பால் மேல்தான். சைவ நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), குருமா, சட்னி எல்லாமே செடிகொடியில் வந்தவைதான். ஆனாலும் எல்டிஎல்லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு ஏராளம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழை இலைச் சாப்பாட்டில் பொரித்த பாகற்காயை யார் கணக்கு வைக்கிறார்கள்?

ஒரு வாரம் எண்ணெய் பாட்டிலில் கோடு போட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால் பாக்கெட்டையும் எண்ணுங்கள். இரண்டையும் நன்றாகக் குறைத்து, ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் இதய நோயாளிகளை வைத்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டின் கலோரியில் சுமார் 10 சதவீதம்தான் கொழுப்பு. அவ்வளவு கடுமை. ஆனால் அதிலேயே முட்டை வெள்ளைக்கருவும் கொழுப்பு நீக்கிய பாலும் உண்டு. உடற்பயிற்சி, தியானம், குழு ஆதரவும் சேர்ந்தே இருந்தன. வீட்டில் அப்பாவுக்கு மட்டும் தனிச்சட்டி வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது. எல்லாரும் அதையே சாப்பிடுங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவரென்றால் கீரையைத் திடீரென்று கூட்ட வேண்டாம். அப்புறம், வைட்டமின் பி12 மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.