ஹெபடைட்டிஸ் சி இருப்பவருக்கு லிம்போமா வருமா? எதற்கு முதலில் மருந்து?

உங்கள் அப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் சி இருக்கிறது. இப்போது மண்ணீரல் பெருத்திருப்பதால் லிம்போமாவாக (நிணநீர்ப் புற்றுநோய்) இருக்கலாம் என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடர்பு உண்டு. இந்த வைரஸ் உள்ளவர்களுக்கு பி கலங்களில் (ஒருவகை வெண்குருதிக் கலங்கள்) தோன்றும் லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் வைரஸ் உள்ள பெரும்பாலானோருக்கு அது வருவதே இல்லை.

ஹெபடைட்டிஸ் பி போல இது நம் டி.என்.ஏ.க்குள் புகுந்து ஒட்டிக்கொள்வதில்லை. வருடக்கணக்காக இரத்தத்தில் இருந்துகொண்டு பி கலங்களைத் தூண்டியபடியே இருக்கிறது. ஓயாமல் பெருகும் கலங்களில் ஒன்று ஒருநாள் கட்டுப்பாட்டை மீறிவிடுகிறது. தூண்டுதலை நிறுத்தினால் மெதுவாக வளரும் வகை லிம்போமா தானாகவே அடங்குவதும் உண்டு. 2002இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மண்ணீரல் லிம்போமாவும் ஹெபடைட்டிஸ் சி-யும் சேர்ந்திருந்த 9 பேருக்கு இன்டர்பெரோன் என்ற பழைய வைரஸ் மருந்தைக் கொடுத்தார்கள். வைரஸ் மறைந்த 7 பேருக்கு லிம்போமாவும் முற்றாக அடங்கியது. வைரஸ் இல்லாமல் அதே லிம்போமா இருந்த 6 பேரில் ஒருவருக்கும் அந்த மருந்து கேட்கவில்லை.

மருந்துக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிரோசிஸ் (ஈரல் வடுப்பட்டு இறுகுவது) இருந்தாலும் மண்ணீரல் பெருக்கும், குருதிச் சிறுதட்டுக்கள் குறையும். ஸ்கானை மட்டும் வைத்து லிம்போமா என்று முடிவெடுக்க முடியாது. இரத்தத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி (கலங்களின் வகையைப் பிரித்துக் காட்டும் பரிசோதனை), என்பு மச்சைப் பரிசோதனை, நெறிகட்டியிருந்தால் அந்தக் கணுவை முழுதாக எடுத்துச் செய்யும் பயொப்சி ஆகியவை வேண்டும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் மாதிரி லிம்போமாவின் வகையைச் சொல்லப் போதாது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினால் ரிப்போட்டோடு பயொப்சியின் ஸ்லைட், திசு பதித்த மெழுகுக்கட்டி இரண்டையும் கேட்டு வாங்கிக் கொண்டுபோங்கள். அவை கையில் இருந்தால் மறுபடி வெட்டாமலே திரும்பப் பார்க்கலாம்.

கூடவே செய்ய வேண்டியது, வைரஸ் இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. பிசிஆர். பிறபொருளெதிரிப் (அன்டிபொடி) பரிசோதனை மட்டும் போதாது: நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு வைரஸ் இருந்தும் அது நெகட்டிவ் காட்டலாம். இலங்கையில் இந்த வைரஸ் அபூர்வம் என்பதால் லிம்போமா நோயாளியிடம் இதைத் தேடுவது தவறிப்போகக்கூடும், வெட்கப்படாமல் கேளுங்கள்.

காலில் ஊதாப் புள்ளிகள், மூட்டு வலி, பாதம் விறைப்பு இருந்தால் கிரையோகுளோபுலின் (குளிரில் திரளும் இரத்தப் புரதம்) பார்க்க வேண்டும். இங்கேதான் அதிகம் பிழைக்கிறது. இரத்தம் எடுத்த நொடியிலிருந்து உறைந்து சீரம் பிரியும்வரை 37 பாகை சூட்டில் இருக்க வேண்டும். சேகரிப்பு நிலையத்தில் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பினால், உள்ளதும் இல்லை என்று வந்துவிடும். ஆய்வுகூடத்துக்கே நேரில் போய்க் கொடுங்கள்.

எதற்கு முதலில் மருந்து என்பது லிம்போமாவின் வகையைப் பொறுத்தது. மெதுவாக வளர்வது, உடனடி ஆபத்தில்லை என்றால் வைரஸுக்குத்தான் முதலில். சொபொஸ்புவிர் 400 மி.கி., வெல்பட்டஸ்விர் 100 மி.கி. சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். நூற்றில் 95க்கு மேற்பட்டோருக்கு வைரஸ் போய்விடும். லிம்போமா சுருங்குவது எல்லாருக்கும் நடக்காது. ஏறத்தாழ பாதிப் பேருக்கோ சற்றுக் கூடவோ நடக்கும், அதற்கு மாதங்களும் ஆகலாம். வேகமாக வளரும் பெரிய பி கல லிம்போமா என்றால் கீமோவைத் தள்ளிப்போடவே கூடாது. வைரஸ் மருந்தை அதனோடோ பின்னரோ கொடுப்பார்கள். 38 பாகைக்கு மேல் காய்ச்சல், ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைதல், இரவில் உடுப்பும் விரிப்பும் மாற்ற வேண்டிய அளவு வியர்வை (கொழும்பு வெக்கையில் கழுத்து நனைவது இதில் சேராது) இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராதீர்கள்.

எந்த வழியானாலும் ஹெபடைட்டிஸ் பி-யைப் பார்க்காமல் தொடங்க விடாதீர்கள். HBsAg என்ற மேற்பரப்புப் பரிசோதனையோடு உட்கருப் பிறபொருளெதிரியும் (anti-HBc) வேண்டும். பழைய பி தொற்று உறங்கிக் கிடந்தால், சி வைரஸை நீக்கும்போதோ லிம்போமாவுக்கான ரிட்டக்சிமாப் மருந்தை ஏற்றும்போதோ அது எழுந்து ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். தேவையானால் என்டெகவிர் அல்லது டெனொஃபொவிர் தடுப்பாகக் கொடுப்பார்கள்.

அப்பா எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் டொக்டரிடம் காட்டுங்கள். காஸ்டிரைட்டிஸுக்கு வழமையாகப் போடும் ஒமெப்ரஸோல் வெல்பட்டஸ்விர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வலிப்புக்கான கார்பமசெபின், பினிட்டொயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இவற்றோடு அந்த மாத்திரை சேராது. அமியோடரோனோடு எடுத்தால் இதயத்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவராயின், வைரஸ் குறையக் குறைய சீனியும் இறங்கலாம். வீட்டில் அளந்து பாருங்கள்.

மாத்திரை முடிந்து 12 வாரத்தின் பின் ஆர்.என்.ஏ. மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் இல்லையென்றால் வைரஸ் குணமாகிவிட்டது. சிரோசிஸ் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கான் தொடர வேண்டும். பிறபொருளெதிரி மட்டும் பொசிட்டிவாகவே நிற்கும். பல் பிடுங்கவோ சத்திரசிகிச்சைக்கோ போகும்போது அதைப் பார்த்துத் தொற்று இன்னும் இருக்கிறது என்பார்கள். அந்த ஆர்.என்.ஏ. ரிப்போட்டின் பிரதி ஒன்றை அப்பாவின் கிளினிக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள்.