எழுதாதவரை நாடகாசிரியர் எனலாமா?

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு நாடகக் கலைஞர் அரியான் முனூஷ்கினை உங்கள் கட்டுரையில் ‘நாடகாசிரியர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அவருடைய பெயர்பெற்ற நாடகங்களில் ‘கூட்டுப் படைப்பு’ என்றிருக்கிறது, இல்லாவிட்டால் எழுத்தாளர் எலேன் சிக்சூவின் பெயர் இருக்கிறது. அவர் இயக்குநர்தானே? எழுதாதவரை ஆசிரியர் எனலாமா?

ஒரு வாசகர், விழுப்புரம்

அன்புள்ள நண்பருக்கு,

பேனா பிடித்த கணக்கு என்றால் அதுவும் உண்டு. கிளாவுஸ் மன்னின் நாவலிலிருந்து ‘மெஃபிஸ்டோ’வை 1979இல் நாடகமாக்கியவர் அவரே. எண்பதுகளில் மேடையேற்றிய ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிரெஞ்சில் பெயர்த்ததும் அவர்தான். ஆனால் நான் அந்தச் சொல்லைப் போட்டது இதற்காக இல்லை.

1964இல், 25 வயதில், நண்பர்களோடு சேர்ந்து தியேத்ர் து சொலேய் நாடகக் குழுவைத் தொடங்கினார். கூட்டுறவு அமைப்பு, எல்லாருக்கும் ஒரே சம்பளம். 1970இல் பாரிஸின் கிழக்கே, வென்சென் காட்டிலிருந்த பழைய தோட்டாத் தொழிற்சாலைக்குக் குடிபோனார்கள். இன்றும் குழு அங்கேதான் இருக்கிறது.

அந்த வருடம் உருவான, பிரெஞ்சுப் புரட்சி பற்றிய ‘1789’ நாடகத்தை 1974இல் அவரே படமாக எடுத்தார். அதில் ஒரு காட்சி என்னை விடவே இல்லை. சுற்றிலும் மேடைகள், நடுவில் ஜனங்கள். பாஸ்தீய் சிறை விழ வேண்டும். கோட்டையும் கிடையாது, துப்பாக்கியும் கிடையாது. நடிகர்கள் கூட்டத்துக்குள் அங்கங்கே இருந்துகொண்டு, பக்கத்தில் இருக்கும் சிலரிடம் மட்டும், ரகசியம் போல அந்த நாளைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு குரலாக ஏறுகிறது. முரசு சேர்கிறது. கடைசியில் அரங்கம் முழுக்கத் திருவிழா!

இது மேசையில் பிறந்த காட்சி அல்ல. ஒத்திகையில் நடிகர்கள் மாதக்கணக்கில் முயன்று பார்த்தார்கள். எதை வைப்பது, எதை விடுவது, எது எதற்குப் பின் வருவது என்று உட்கார்ந்து தேர்ந்தவர் முனூஷ்கின். எனக்கு அதுவும் எழுத்துதான்.

நீங்கள் கூத்து பார்க்கிற ஊர்க்காரர், உங்களுக்கு இது புதிதாக இருக்காது. கட்டியங்காரன் அன்றைக்கு ஊரில் நடந்ததைச் சேர்த்துப் பேசுகிறானே, அதை யார் எழுதித் தந்தார்கள்? முனூஷ்கின் இதைத் தேடி நம் பக்கம் வந்திருக்கிறார். 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, என்ன நாடகம் போடுவது என்றே தெரியாத நிலையில், குழுவோடு புதுச்சேரி வந்தார். புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்குத் தெருக்கூத்து சொல்லிக்கொடுத்தார். 2016இல் வந்த ‘இந்தியாவில் ஓர் அறை’யில் அந்த நடிகர்கள் வேஷம் கட்டி, தமிழிலேயே பாடி, பாரதக் கூத்து ஆடினார்கள். புரிசையின் பாட்டு வென்சென் காட்டில் ஒலித்தது என்று நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

சரி, சிக்சூ விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். கம்போடியாவின் அரசர் சிஹானூக் பற்றிய நாடகமும் (1985), இந்தியப் பிரிவினை பற்றிய ‘இந்தியாத்’தும் (1987) அவர் எழுதியவை. கட்டுரையில் அவர் பெயரை விட்டது என் தவறு, சேர்த்துவிட்டேன். ‘நாடகாசிரியர்’ என்பதை மாற்றவில்லை.